ஓவியப் போட்டி நடத்துவோருக்கு: அந்த மைக்கறை அழுக்கு இல்லை

மதிப்புக்குரிய பள்ளி ஓவியப் போட்டி அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். ‘நாட்டுப்புற நடனம்’ என்று தலைப்புக் கொடுத்தால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்கேல் வைத்த மாதிரி நிற்கும் கரகாட்டக்காரி, கோட்டைத் தாண்டாத கிரேயான், மூலை விடாமல் நிரப்பிய நீல வானம். ஆட்டம் மட்டும் இருக்காது. அவுட்லைன் போட்டு அழித்து அழித்துத் திருத்தினால் அசைவு எங்கிருந்து வரும்?

என் வகுப்பில் மோனோபிரிண்ட் செய்கிறோம், அதாவது வழவழப்பான ஷீட்டில் மையால் வரைந்து தாளில் ஒற்றியெடுக்கும் அச்சு. பழைய எக்ஸ்ரே ஷீட்டில் கறுப்பு போஸ்டர் கலரை ரோலரால் பரப்புவோம். கலர் திரண்டு நிற்காமலிருக்க ஒரு துளி விம் லிக்விட், நம்ம ஊர் வெயிலில் சட்டென்று காயாமலிருக்க இரண்டு சொட்டு கிளிசரின். அப்புறம் துணி, பட்ஸ், விரல் என்று கையில் கிடைத்ததால் மையைத் துடைத்துத் துடைத்தே ஆடுகிறவரை வெளியே கொண்டுவர வேண்டும். காய்வதற்குள் முடித்தாக வேண்டுமே, அதனால் யாரும் மூக்கு, வளையல் என்று உட்கார்ந்துவிடுவதில்லை. முதலில் முதுகின் வளைவு, அடுத்து மடங்கிய முழங்கால், சுழலும் பாவாடைக்கு ஒரே இழுப்பு. ஈரத்தாளை மேலே வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் அச்சு தயார். அச்சில் இடமும் வலமும் திரும்பிவிடுவதால் பறையடிப்பவரின் குச்சி மட்டும் கை மாறியிருக்கும், வகுப்பே சிரிக்கும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1870களில் பாரிஸில் எட்கர் டெகா என்ற ஓவியர் பாலே நடனக்காரிகளை இப்படித்தான் தகட்டில் மை பூசித் துடைத்து வரைந்தார். அவருடைய விரல் ரேகைகூடச் சில அச்சுகளில் தெரியும். மிச்ச மையில் இரண்டாவது தாளையும் ஒற்றி, மங்கலாக வந்ததன்மேல் பாஸ்டல் தீட்டுவார். எங்கள் பிள்ளைகளும் இரண்டாவது தாளை விடுவதில்லை.

போன வருஷம் ஒரு போட்டியில், என் மாணவி செய்த தப்பாட்ட அச்சை ‘அழுக்காக இருக்கிறது’ என்று ஒதுக்கிவிட்டார்கள். அவள் உள்ளங்கையால் இழுத்த அந்தக் கறைதான் குச்சி விழுகிற வேகம். அதைத் துடைத்திருந்தால் ஒரு ஆள் பறையோடு சும்மா நின்றிருப்பார்.

விதிமுறையில் ‘அச்சு ஓவியமும் ஏற்கப்படும்’ என்று ஒரு வரி சேருங்கள். சுத்தத்துக்கு ஒதுக்கும் மதிப்பெண்ணை அசைவுக்குக் கொடுங்கள். ஷீட், ரோலர் எல்லாம் நாங்களே கொண்டுவருவோம். ஒரு வாளித் தண்ணீரும், தாள் காயப்போட ஒரு கொடிக்கயிறும் போதும்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியை