மூன்றாம் மாதம் திரும்பி வரச் சொல்லுங்கள்: திருகோணமலைச் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

பணியில் இருப்பவர்களின் வாயை, அரச ஊழியருக்கான விதிகளைக் கொண்ட தாபனக் கோவை கட்டிப்போட்டிருப்பதால், ஓய்வுபெற்ற தாதியரும் மருந்தாளர்களுமாகிய நாங்கள் எழுதுகிறோம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஹோர்மோன் மருந்து எடுக்கும் பெண்கள் மருந்துக்கும் ஆலோசனைக்கும் அலைவது உங்களுக்குத் தெரியும், ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறோம்.

மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்கி, குறையும் ஈஸ்ட்ரஜனை மருந்தாகக் கொடுக்கும் ஹோர்மோன் மாற்றுச் சிகிச்சை எடுக்கும் பெண்ணொருவருக்கு அண்மையில் மருந்து கொடுக்கும் யன்னலில் சொல்லப்பட்டது இது: "ஈஸ்ட்ரஜன் இருக்கு, மற்றக் குளிசை முடிஞ்சுது. வரும்வரைக்கும் இதை மட்டும் போடுங்கோ."

அவருக்குக் கருப்பை இருக்கிறது. அந்த மற்றக் குளிசை, அதாவது கருப்பையைக் காக்கும் புரொஜெஸ்டரோன், சேராமல் ஈஸ்ட்ரஜன் மட்டும் போனால் கருப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் புற்றுநோயில் கொண்டுபோய் விடக்கூடிய தடிப்பு அது. இதை உங்களுக்குப் படிப்பிக்க நாங்கள் வரவில்லை. அந்த யன்னலில் இதை எழுதி ஒட்ட எவருக்கும் தோன்றவில்லை என்பதைத்தான் சொல்கிறோம். ஒரு மருந்து முடிந்தால் பதிலுக்கு அதே வகையில் வேறு இருக்கிறது. மாதத்தில் 12 முதல் 14 நாள், இரவில் மைக்ரோனைஸ்ட் (நுண்துகளாக்கிய) புரொஜெஸ்டரோன் 200 மில்லிகிராம், அல்லது டைட்ரொஜெஸ்டரோன் 10, அல்லது மெட்ரொக்சிபுரொஜெஸ்டரோன் 10. எது என்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர், மருந்து அலுமாரி அல்ல.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இந்தச் சிகிச்சையைத் தொடங்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் மூன்றாம் மாதத்தில், அவர் போய்வரக்கூடிய தூரத்தில், மருந்தின் அளவைத் திரும்பப் பார்க்க ஒரு நாள் குறித்துக் கொடுங்கள்.

ஏன் மூன்றாம் மாதம்? சூலகம் அரச உத்தியோகத்தரைப் போலக் குறித்த திகதியில் ஓய்வு பெறுவதில்லை. ஒரு கிழமை ஈஸ்ட்ரஜனை அள்ளிக் கொட்டும், அடுத்த கிழமை கையை மடக்கிவிடும். அதனால் ஒரே அளவுக் குளிசையிலேயே ஒரு கிழமை மார்பு கனத்து நோகும், வயிறு ஊதும், தலையிடிக்கும். அது கழிந்து கொஞ்ச நாளில் இரவு இரண்டு மணிக்கு உடுப்பெல்லாம் நனைந்து எழும்ப வேண்டிவரும். முதலாவதைக் கண்டு அளவைக் குறைத்து, இரண்டாவதைக் கண்டு கூட்டினால் வைத்தியம் சூலகத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். தாங்க முடியாத பக்கவிளைவு வந்தாலொழிய எட்டு முதல் 12 கிழமைக்கு அளவில் கை வைக்கக்கூடாது. இதனால்தான் 45 வயதைத் தாண்டியவருக்கு எஃப்.எஸ்.எச். என்ற, சூலகத்தைத் தூண்டும் ஹோர்மோனின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எழுதி, தனியார் ஆய்வுகூடத்தில் காசைக் கரைக்க வைப்பதிலும் பயனில்லை. இன்று அதிகமாகக் காட்டும், அடுத்த மாதம் குறைவாகக் காட்டும். அந்த வயதில் அறிகுறிகளைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அளவைக் கூட்டும் வழமையான படி இதுதான். குளிசையென்றால் எஸ்ட்ராடயோல் என்ற ஈஸ்ட்ரஜன் 1 மில்லிகிராம், தோலில் ஒட்டும் பாட்ச் என்றால் 25 மைக்ரோகிராம், ஜெல் என்றால் ஓர் அழுத்து, அதாவது 0.75 மில்லிகிராம். மூன்று மாதம் கழித்தும் வியர்வையும் நித்திரைக் குழப்பமும் குறையாவிட்டால் 2 மில்லிகிராம், அல்லது 50 மைக்ரோகிராம், அல்லது இரண்டு அழுத்து. அதற்கும் அசையாவிட்டால் அளவைக் கூட்டும் முன் கேட்க வேண்டியவை இருக்கின்றன. தைரொய்ட் பார்த்தாயிற்றா? காசநோய்க்கு ரிபாம்பிசின், வலிப்புக்குக் கார்பமசெபின் எடுக்கிறாரா? இவை ஈஸ்ட்ரஜனைச் சீக்கிரம் கரைத்துவிடும். தைரொக்சின் எடுப்பவருக்கு ஈஸ்ட்ரஜன் குளிசை தொடங்கினால் தைரொக்சின் அளவையே கூட்டவேண்டி வரலாம். அளவு உச்சத்துக்குப் போனால் புரொஜெஸ்டரோனையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். இது அடிக்கடி மறக்கப்படுகிறது.

பாட்ச் கிடைக்கும் ஆட்களுக்கு இந்த ஊரின் காலநிலையும் ஒரு பக்கவிளைவுதான். தென்மேற்குப் பருவக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் ஊரே வியர்த்து வழிகிறது. இடுப்புக்குக் கீழே, எண்ணெயோ பவுடரோ படாத உலர்ந்த தோலில் ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்தச் சொல்லாவிட்டால் ஓரம் கிளம்பும், பாதி மருந்துதான் உள்ளே போகும். பிறகு "50 போதாது, 75 எழுதுங்கள்" என்று வருவார்கள். ஒட்டின இடத்தைப் பாராமல் 75 எழுதப்படும். கச்சான் காலத்தில் "உடம்பு சூடாக இருக்கிறதா?" என்று கேட்பதிலும் அர்த்தமில்லை, ஆர்தான் இல்லை என்பார்கள்? இரவில் எத்தனை தரம் வியர்த்து எழும்பினார், எந்தத் திகதியில் இரத்தம் பட்டு எத்தனை பாட் (மாதவிடாய் அணையாடை) நனைந்தது என்று கொப்பியில் எழுதச் சொன்னால் அளவைத் தீர்மானிக்க அதுவே போதும்.

இனி, எங்களை அதிகம் வருத்துவது. மாத்திரை தொடங்கிய முதல் மூன்று மாதத்தில் நேரம் தவறி இரத்தம் படுவது சாதாரணம். இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. மாவட்டத்தின் இரு கோடிகளான வெருகலிலோ புல்மோட்டையிலோ இருக்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டாம் மாதம் இரத்தம் படுகிறது. கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி ஆறு மாதம் தள்ளி இருக்கிறது. கேட்க ஆளில்லை. ஒருநாள் கூலியை விட்டு, உதிரப்போக்கோடு பஸ்ஸில் நெரிந்து, ஐம்பது கிலோமீற்றர் அளவில் வந்தால், "உங்கட திகதி இன்றைக்கு இல்லை" என்று யன்னல் சொல்கிறது. காத்திருக்கும் இடத்து மலசலகூடத்தில் பாட் போட ஒரு வாளியும் இல்லை. வீட்டுக்குப் போனதும் மருந்தை நிறுத்திவிடுகிறார். இன்னொருவர் இதே இரத்தத்தைச் சாதாரணம் என்று எண்ணி ஆறு மாதமும் பொறுத்திருப்பார். மூன்று மாதத்துக்கு மேலும் நேரம் தவறி வந்தால் ஸ்கான் செய்து உட்படலத்தின் தடிப்பைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. முதலாமவர் தேவையில்லாமல் பயந்தார், இரண்டாமவர் பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்படவில்லை. இருவருக்கும் வேண்டியிருந்தது மூன்றாம் மாதத்தில் ஒரு நாள்.

இன்னும் மாதவிடாய் வந்துகொண்டிருப்பவருக்குச் சுழற்சி முறையில்தான் கொடுக்க வேண்டும்: 28 குளிசைப் பெட்டியில் முதல் 14 எஸ்ட்ராடயோல் மட்டும், அடுத்த 14 இல் டைட்ரொஜெஸ்டரோன் 10 சேர்ந்திருக்கும். இரத்தம் பெட்டி முடியும் நாட்களை ஒட்டி வரும். கோயிலுக்குப் போகிறவருக்கும் தொழுகிறவருக்கும் அந்தத் திகதி முன்கூட்டித் தெரிவது சின்ன விடயமில்லை. இந்தப் பெட்டியின் பெயர் 1/10, அதாவது எஸ்ட்ராடயோல் 1, டைட்ரொஜெஸ்டரோன் 10. "1/10 இல்லை, 1/5 இருக்கு" என்று மாற்றிக் கொடுத்தால் அந்த ஒழுங்கு குலைகிறது. இரண்டு மருந்தும் நாள்தோறும் சேர்ந்திருக்கும் 1/5, மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தவர்களுக்கானது, இவருக்குக் கண்ட கண்ட நாளில் இரத்தம் படும். இன்னொரு ஹோர்மோன் குளிசையான டிபொலோனும் அப்படித்தான். சொல்லாமல் விடப்படும் இன்னொன்று, இந்த மருந்துகள் கருத்தடை அல்ல.

ஹோர்மோன் சிகிச்சையில் மார்புப் புற்றுநோய் கூடுகிறதென்று 2002 இல் ஓர் அமெரிக்க ஆய்வு நிறுத்தப்பட்டதைக் காட்டி இன்றும் "கான்சர் வரும், விடுங்கோ" என்று துரத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63, கொடுத்த ஈஸ்ட்ரஜனும் வேறு வகை. 47 வயதுப் பெண்ணை அந்தக் கணக்கில் சேர்த்து, பனடோலோடும் "வயசு போனால் இப்படித்தான்" என்ற அறிவுரையோடும் அனுப்புகிறார்கள். ஒக்டோபர் 18 வந்தால் உலக மாதவிடாய் நிறுத்த தினம் என்று பதாகை கட்டி, மங்கள விளக்கேற்றி, படமும் எடுத்துக்கொள்ளலாம். பதாகை அடிக்கும் செலவில் எத்தனை பெட்டி டைட்ரொஜெஸ்டரோன் வாங்கலாம் என்று எங்களில் ஒருவர் கணக்குப் பார்க்கத் தொடங்கினார், மரியாதை கருதி நிறுத்திவிட்டோம்.

கோபம் சொல்லில் வந்திருந்தால் மன்னியுங்கள். புதுக் கட்டடமோ புது ஆளணியோ நாங்கள் கேட்கவில்லை. 1996 முதல் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் 35, 45 வயதுப் பெண்களை ஏற்கெனவே அழைக்கின்றன. பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்துக்கான பாப் ஸ்மியர் பார்க்கப்படுகின்றன. அதே இடத்தில் மாதத்தில் அரைநாளை இதற்கு ஒதுக்கினால் போதும். மருத்துவிச்சி பிரஷரையும் நிறையையும் எடுத்து, வியர்வைக் குறிப்பையும் இரத்தத் திகதிகளையும் பார்த்து, தேவையானவரை வைத்தியரிடம் அனுப்பலாம். அன்றைய மருந்து இரண்டும் ஒரே பையில், ஒன்றில்லாமல் மற்றது வெளியே போகாதபடி வைக்கப்பட வேண்டும்.

மூன்றாம் மாதம் திரும்பி வரச் சொல்லுங்கள். வரும்போது பார்க்க ஓர் ஆள் இருக்கட்டும். குறிப்பு எழுதும் அட்டையின் மாதிரியைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் தயாரித்து இத்துடன் அனுப்பியிருக்கிறோம். திருத்த வேண்டியதைத் திருத்தி, அச்சிட அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதியர், மருந்தாளர் சிலர்
திருகோணமலை