நர்ஸின் ஒரிஜினல் யார் பீரோவில் இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அக்கா மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சென்னையில் உள்ள நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டாள். போன வாரம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "சித்தி, ஒரிஜினல் எல்லாத்தையும் குடுக்கணுமாம், குடுக்கலாமா?" என்றாள். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, கவுன்சில் பதிவுச் சான்றிதழ் என்று ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்துத்தான் திருப்பித் தருவார்களாம்.

நானும் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்தபோது அப்படிக் கொடுத்தவள்தான். காக்கி உறையில் போட்டு, மேலே மார்க்கரில் என் பெயரை எழுதி, ரப்பர் பேண்ட் மாட்டி ஹெச்.ஆர். அறை பீரோவில் வைத்தார்கள். அங்கே அதே மாதிரி உறைகள் மூன்று தட்டு நிறைய இருந்தன. பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்டேன். "எல்லாரும் குடுத்திருக்காங்கம்மா, உங்களுக்கு மட்டும் என்ன?" என்றார்கள். அப்போது என் சம்பளம் மாதம் 8,500 ரூபாய்.

2015-ல் அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) தேர்வு வைத்து 7,243 நர்ஸ் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தது. நைட் டூட்டி பார்த்துக்கொண்டே படித்துத் தேறினேன். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. ஒரு நாளைக்கு மட்டும் ஒரிஜினலைக் கொடுங்கள், காட்டிவிட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்று கெஞ்சினேன். இன்சார்ஜ் சிஸ்டரும் எனக்காகப் பேசிப் பார்த்தார். இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டு முடியவில்லை, மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார்கள். அப்பா, அம்மாவின் தோட்டை அடகு வைத்து 25,500 ரூபாய் கட்டினார். உறை கைக்கு வந்தபோது மாலை ஆறு மணி. அன்று ராத்திரியே சென்னைக்குப் பஸ் ஏறினோம். அவ்வளவு பணம் கட்டிவிட்டு நான் சேர்ந்த அரசு வேலையில் அன்றைய தொகுப்பூதியம் 7,700 ரூபாய். அது தனிக் கதை.

பல வருஷம் கழித்து அந்தப் பாண்டை எடுத்துப் படித்துப் பார்த்தேன். சான்றிதழைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171-வது பிரிவு, பாக்கிக்காக அடுத்தவர் பொருளைப் பிடித்து வைக்கும் பொது உரிமையை வங்கி, வழக்கறிஞர் என்று சிலருக்குத்தான் கொடுக்கிறது. மற்றவர்கள் அதை வெளிப்படையாக எழுதி வாங்கியிருக்க வேண்டும். மருத்துவமனை அந்தப் பட்டியலில் வராது. பயிற்சி கொடுத்தோம், நடுவில் போனால் நஷ்டம் என்பார்கள். சரி, 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் பணிப் பாண்டு செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நஷ்டம் இருந்தால் கணக்குக் காட்டி வழக்குப் போடட்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பூட்டி வைப்பது எந்தக் கணக்கில் வரும்?

சரிபார்க்க வேண்டும் என்பதும் சாக்குத்தான். ஒரிஜினலைப் பார்த்து, ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டு, அங்கேயே திருப்பிக் கொடுக்கப் பத்து நிமிஷம் போதும். போதாததற்கு இந்திய நர்சிங் கவுன்சில் பதிவேட்டில் ஒவ்வொரு நர்ஸுக்கும் என்.யு.ஐ.டி. என்ற தனி அடையாள எண்ணும் கொடுக்கிறார்கள். கல்லூரிகள் மாணவர்களின் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்துவிட்டது. அதே பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போனதும் அந்தப் பாதுகாப்பு ஏன் இல்லாமல் போக வேண்டும்?

1926-ஆம் ஆண்டு நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டத்தின்படி நர்ஸ் தவறு செய்தால் பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். அந்தப் பதிவுச் சான்றிதழை இன்னொருவர் பிடுங்கி வைத்திருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று எங்கள் வார்டில் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. தனியார் மருத்துவமனைகளுக்கு உரிமம் கொடுப்பதும் புதுப்பிப்பதும் மாவட்டத்தில் மருத்துவ, ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் வழியாக நடக்கிறது. ஆய்வுக்குப் போகிறவர்கள் ஹெச்.ஆர். பீரோவையும் ஒரு முறை திறந்து பார்க்கட்டும். ஊழியரின் ஒரிஜினல் உள்ளே இருந்தால், அதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் உரிமம் என்று சுகாதாரத் துறை ஓர் உத்தரவு போட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அக்கா மகளின் ஃபைல் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. ஜெராக்ஸ் மட்டும் கொடுத்திருக்கிறோம். பத்தாம் தேதிக்குள் ஒரிஜினலோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அரசுப் பணியில் இருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
திண்டுக்கல்.