வள்ளத்துக்குள் தேங்கும் தண்ணீரையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முகத்துவாரத்தில் படகு என்ஜின் திருத்துவது என் தொழில். மழை தொடங்கினால் எங்கள் பக்கம் டெங்குப் பரிசோதனைக்கு ஆட்கள் வருவார்கள். பூச்சாடித் தட்டு, கூரைப்பீலி, பிரிட்ஜின் பின்தட்டு, சிரட்டை, யோகட் கோப்பை எல்லாம் பார்ப்பார்கள். குடம்பி இருந்தால் எச்சரிக்கை, சில வேளை வழக்கு. சரி, அது அவர்கள் கடமை. ஆனால் அதே வீடுகளுக்கு முன்னால் கரையேற்றிக் கிடக்கிற வள்ளங்களை எட்டிப் பார்த்த ஒருவரையும் நான் கண்டதில்லை. கேட்டால், "அது உப்புத்தண்ணி ஐயா, அதில டெங்கு நுளம்பு வராது" என்பார்கள். கடலோடு பிறந்து வளர்ந்தவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

வரும் என்று நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2011ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். ரஞ்சன் இராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் எஸ். என். சுரேந்திரன் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் மட்டக்களப்பு, யாழ்ப்பாணக் கரையோரங்களில் தேடிப் பார்த்தார்கள். கைவிடப்பட்ட வள்ளம், பாவிக்காத கிணறு, வீசியெறிந்த போத்தல் என்று உவர்நீர் தேங்கிய இடங்களில் டெங்கு பரப்பும் இரண்டு இன ஈடிஸ் நுளம்புகளின் குடம்பிகளும் இருந்தன. லீட்டருக்கு ஏறத்தாழ 15 கிராம் உப்புள்ள தண்ணீரில்கூட அவை வளர்ந்திருந்தன. கடல்நீரில் சுமார் 35 கிராம். ஆக, முழுக் கடல்நீர் அல்ல. மழையும் அலைத் தெறிப்பும் கலந்து நிற்கிற தண்ணீர். வள்ளத்தின் அடியில் நிற்பது அதுதானே? உவர்நீரில் வளரும் குடம்பிகளின் மேற்தோல் உப்பைத் தாங்கும் விதமாகத் தடித்துப்போகிறது என்று அதே ஆய்வாளர்கள் பிறகு காட்டியிருக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் அந்தக் கட்டுரையை வாசித்துச் சொன்ன பிறகுதான் நானும் குனிந்து பார்க்கத் தொடங்கினேன். பைபர் படகின் பின்பக்கம், என்ஜின் பூட்டும் பலகைக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கும். தண்ணீர் வடிய ஓட்டையும் உண்டு. ஆனால் அதைத் தக்கையால் அடைத்தபடியேதான் படகை விட்டுவிட்டுப் போவார்கள். அந்தத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். (மனைவி கண்டால் ஏச்சுத்தான்.) குடம்பிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மூச்சுக்குழலை மேலே நீட்டியிருக்கும். நம் நிழல் பட்டதும் ஒரேயடியாக நெளிந்து அடிக்குப் போய்விடும். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் மறுபடியும் மேலே வரும். அவசரமாக வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அங்கே ஒன்றும் தெரியாது.

2017இல் இந்த நாட்டில் 186,000இற்கும் அதிகமானோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். ஐந்தில் இரண்டு பங்கினர் மேல் மாகாணத்தவர். அந்த வருடம் எங்கள் ஒழுங்கையில் காய்ச்சல் வராத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

மலேரியாவிலும் ஒரு பாடம் கிடக்கிறது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்று தந்தது. அதே ஆண்டின் இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியா பரப்புகிற அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பை மன்னாரில் கண்டுபிடித்தார்கள். அதுவும் கிணற்றில். சான்று கிடைத்தாயிற்று என்று தேடுவதை விட்டிருந்தால் அது வந்ததே தெரிந்திராது.

என் வேண்டுகோள் பெரிதல்ல. வீடு வீடாகக் கொடுக்கும் துண்டுப்பிரசுரத்தில் வள்ளத்தையும் பாழ்கிணற்றையும் சேர்க்க வேண்டும். படகுக்காரருக்கு வழக்கு வேண்டாம், ஐயா. மண்ணெண்ணெய் விலையே அவர்களுக்குப் போதும். கரையேற்றியதும் தக்கையைக் கழற்றச் சொன்னால் போதும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் வேலை முடியாது, முட்டைகள் பக்கச்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால் தும்பு போட்டு உள்பக்கத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். கால் மணி நேர வேலை.

தங்கள் பத்திரிகைக்கும் ஒன்று. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நம்மவர்கள் செய்த ஆய்வு ஆங்கிலச் சஞ்சிகையில் கிடக்கிறது. கொழும்பு 15இல் வலை பின்னுகிறவர் அதை எங்கே போய் வாசிப்பார்? ஞாயிறு இதழில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அப்புறம், முகத்துவாரம், மட்டக்குளி, காக்கைதீவுக் கரைகளில் கிடக்கும் படகுகளைப் பல்கலைக்கழக மாணவர்கள் யாராவது வந்து பரிசோதிப்பதானால், எந்தப் படகு எவருடையது என்று காட்டிக் கூட்டிக்கொண்டு போக நான் தயார்.

இப்படிக்கு,
படகு என்ஜின் திருத்துநர் ஒருவர்,
முகத்துவாரம், கொழும்பு 15.