கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் ஆயக்கட்டு உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உபரித் தண்ணீர் வழியும் கலுங்கின் பூச்சு வேலை முடிந்தது. மீன் குத்தகைப் பாக்கிக்காகப் போன கூட்டத்திலேயே வேண்டிய அளவு சண்டை போட்டாகிவிட்டது, இங்கே விடுகிறேன்.

மாசியில் தண்ணீர் பாதியாக வற்றியிருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் கெண்டைகள் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டித் தவித்தன. வெயில் ஏறுவதற்குள் கரையோரம் வெள்ளையாக மிதந்தன. யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று ஊரே கிளம்பியது. காரணம் பாசிதான். வரத்துக்காலில் விழும் சாக்கடையும் மேலே உள்ள வயல்களில் கரைந்த யூரியாவும் அதற்குச் சாப்பாடு. பகலில் பிராணவாயு விடுகிற பாசி, இரவில் தானும் மூச்சு வாங்கும். செத்த பாசி அழுகும்போதும் பிராணவாயு செலவாகும். மீனுக்கு விடிகிற நேரத்தில் மிச்சமில்லை. சாக்கடை பற்றிக் கொடுத்த மனுவுக்கு இதுவரை பதில் இல்லை, ரசீது மட்டும் கோப்பில் இருக்கிறது.

சித்திரையில் வட்டாட்சியர் அனுமதி வாங்கிக் கரம்பை, அதாவது கண்மாயில் படிந்த வண்டல், வயலுக்கு அடித்தோம். 'டிஏபி மூட்டை இருக்கும்போது வண்டல் எதற்கு?' என்று இளவட்டங்கள் கேட்டார்கள். அவர்களுக்கு என் பதில் இதுதான். மேற்கே ஓட வேண்டிய மழைத் தண்ணீர், 1895-இல் திறந்த பெரியாறு அணையில் தேங்கி, மலைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, வைகை அணை, பேரணை தாண்டி மேலூர்ப் பக்கம் நமக்கு வருகிறது. அது ஆவியாகிப் போனாலும் எங்காவது மழையாக இறங்கிவிடும். டிஏபி உரத்தில் இருக்கும் மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) அந்த வழி கிடையாது. அது ஆவியாகாது. மண் துகளில் ஒட்டிக்கொண்டு, பெருமழையில் அரிக்கும் மேல்மண்ணோடு கண்மாய்க்குள் போய் உட்கார்ந்துவிடும். நாம் டிராக்டர் வைத்து ஏற்றினால்தான் வயலுக்குத் திரும்பும். மேல்கண்மாய்க்காரர்கள் வயலில் கரைவது நமக்கு, நம் வயலில் கரைவது கீழ்க்கண்மாய்க்கு. கணக்கு எப்படியோ நேராகிவிடுகிறது. சில லோடு வீட்டுமனை நிரப்பப் போனது உண்மை. யார் என்று எழுதவில்லை, அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

மடக்கி உழுது பசுந்தாள் உரமாக்க ஆடியில் விதைத்த தக்கைப்பூண்டு நன்றாக வந்தது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் யூரியாவுக்கு வரிசை கட்டுகிறோம். பயிரால் அதை நேரடியாக எடுக்க முடியாது, வேர் முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாதான் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கீறினேன். உள்ளே ரத்தச் சிவப்பு. சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, பச்சையாகிவிட்டால் ஓய்ந்துவிட்டது. 45 நாளில், பூவெடுக்கும் பருவத்தில், மடக்கி உழுதவர்களுக்கு நடவுக்குள் மட்கிவிட்டது. முற்றவிட்டவர்களுக்குத் தண்டு குச்சியாகி உழவுக்கால்களில் மாட்டியது. அந்தப் பட்டியலில் செயலாளரும் உண்டு.

ஆடு மேய்க்கும் கீதாரிகள் வழக்கம்போல வயலில் உரத்துக்காக ஆட்டுக் கிடை போட்டார்கள். கூலி பேரம் இரண்டு நாள் இழுத்தது, அப்புறம் அவர்கள் கேட்டதையே கொடுத்தோம்.

கடைசியாக மடைச் சாவி. தங்களிடம்தான் இருக்கிறது என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். பூட்டு ஒன்றுதான். இன்றைய கூட்டத்திலேயே இருவரும் சாவியை மேசையில் வைத்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்