ஷாப்பிங் மாலை விட்டு மாலம் போகலாம், தம்பி

அன்புள்ள தம்பி,

போன ஞாயிறு போனில் நீ புலம்பியது காதிலேயே நிற்கிறது. "இங்கிலாந்துக்கு வந்து மூன்று மாதம் ஆச்சுக்கா. சனிக்கிழமை மாலுக்குப் போகிறோம், ஞாயிற்றுக்கிழமை அதே மாலுக்கே திரும்பவும் போகிறோம்" என்றாய். சிரித்துவிட்டேன். எங்கள் முதல் வருஷமும் அப்படித்தான் கழிந்தது. கார் ஜன்னலுக்கு வெளியே பச்சைப் பசேலென்று வயல் ஓடும். யாரோ ஒருவருடைய நிலம், நமக்கு அங்கே என்ன வேலை என்று பார்த்துக்கொண்டே கடந்து போவோம்.

நமக்கு அங்கே வேலை இருக்கிறது. நிலம் விவசாயியுடையது, ஆனால் அதன் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதையில் நடக்கும் உரிமை ஊருக்கே பொது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைகள் சுமார் 1,40,000 மைல் இருக்கின்றன. பாதையை உழுது விதைத்தாலும் 14 நாளுக்குள் அதைத் திரும்ப நடக்கிற மாதிரி ஆக்கித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒன்றும் சும்மா கிடைத்துவிடவில்லை. 1932-ல் கிண்டர் ஸ்கௌட் என்ற மலையில் நூற்றுக்கணக்கான பேர், பலர் மில்லிலும் பட்டறையிலும் வேலை பார்த்தவர்கள், அங்கே நடக்கக் கூடாது என்ற தடையை மீறி ஏறினார்கள். சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். இப்படிப்பட்ட போராட்டங்களுக்குப் பிறகுதான் 1949-ல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. கேட்டில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் தயங்காமல் உள்ளே போ. முதல் தடவை எனக்குத் திருட்டுத்தனம் செய்கிற மாதிரிதான் இருந்தது. எதிரே டிராக்டரில் வந்தவர் கையை உயர்த்தி "மார்னிங்" சொன்ன பிறகுதான் மூச்சே வந்தது.

சரி, எங்கே போவது? யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவில் மாலம் என்ற சின்ன கிராமம். எழுத்தைப் பார்த்து மால்ஹாம் என்று படிப்பாய். வாயில் வருவது மாலம்தான். உன் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள். நடுவில் ஓர் ஓடை, சாம்பல் நிறக் கல் வீடுகள், இரண்டு பப், சுற்றிலும் ஆடுகள். சாந்தே இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய சுவர்கள் குன்றின் மேல் வரைக்கும் கோடு போட்ட மாதிரி ஏறுகின்றன. கார் நிறுத்துமிடத்தில் கழிப்பறை இருக்கிறது. நாலு வயசுப் பிள்ளையோடு கிளம்புகிறவனுக்கு இதுதான் முதல் தகவல் என்று எனக்குத் தெரியும்.

எல்லோரும் சொல்லும் வழி ஒன்று உண்டு. ஜேனட்ஸ் ஃபாஸ் அருவி, கார்டேல் ஸ்கார் பிளவு, மாலம் கோவ் பாறை மூன்றையும் சுற்றிக்கொண்டு கிராமத்துக்கே திரும்புவது, சுமார் ஐந்து மைல். "ஐந்து மைல்தானே" என்று மாமாவும் நானும் கிளம்பினோம். அப்போது பெரியவளுக்கு ஐந்து வயசு, சின்னவன் தள்ளுவண்டியில். கோவ் பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். பாறையின் ஓரமாக மேலே ஏற ஏறத்தாழ 400 கல்படி. மாமா தள்ளுவண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார், நான் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டேன். பாதிப் படியில் பெரியவள் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வழியாக மேலே போனால் தரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பாளத்தை க்ளிண்ட் என்றும் நடுவிலுள்ள பிளவை க்ரைக் என்றும் சொல்கிறார்கள். சின்னவனின் நீலச் செருப்பு ஒன்று அந்தப் பிளவுக்குள் விழுந்தது. கை எட்டவில்லை, குச்சியும் எட்டவில்லை. இன்றைக்கும் அங்கேதான் கிடக்கும். மிச்ச மூன்று மைலை விட்டுவிட்டு அதே 400 படியில் இறங்கி வந்தோம். காரில் யாரும் பேசவில்லை.

அதனால் உனக்கு நான் சொல்வது பாதி வழிதான். முதலில் ஜேனட்ஸ் ஃபாஸ். கிராமத்திலிருந்து ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதல், கிட்டத்தட்டச் சமதளம். ஓடையை ஒட்டியே புல்வெளி வழியாகப் பாதை போகிறது. வழியில் கிஸ்ஸிங் கேட் வரும். பேரைக் கேட்டு உன் பெரியவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அரைவட்டக் கூண்டுக்குள் ஆடும் கதவு அது. ஒவ்வொரு பக்கமாகப் போய் முட்டும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும், ஆடு மாடு தப்பிக்க முடியாது. தள்ளுவண்டியும் போகாது, வீட்டிலேயே வைத்துவிடு.

கடைசிக் கொஞ்ச தூரம் மரங்களுக்குள் போகிறது. ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ போனால் தரை தெரியாமல் காட்டுப்பூண்டு பூத்திருக்கும், வெள்ளை வெளேரென்று. கண்ணை மூடிக்கொண்டால் யாரோ பூண்டு ரசத்துக்குத் தாளிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் பிள்ளைகளைப் பறித்து வாயில் போட விடாதே, அதே மாதிரி இலை உள்ள விஷச்செடிகளும் நடுவில் முளைக்கும். விழுந்து கிடக்கும் மரத்துண்டுகளில் செதில் செதிலாக நாணயங்கள் அடித்து இறக்கியிருப்பார்கள். வேண்டுதலாம். நம்மூர் மரத்துத் தொட்டில் ஞாபகம் வந்தது எனக்கு.

அருவி ஒன்றும் குற்றாலம் இல்லை, சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று ஆள் உயரம் இருந்தால் அதிகம். ஆனால் பாசி படிந்த பாறையிலிருந்து தெளிந்த பச்சைக் குளத்தில் விழுகிறது, பின்னால் ஒரு குகை. அதற்குள் ஜேனட் என்ற தேவதைகளின் ராணி குடியிருக்கிறாள் என்பது ஊர்க் கதை. ஃபாஸ் என்றால் வைக்கிங்குகள் விட்டுப்போன பாஷையில் அருவி. ரோமம் கத்தரிப்பதற்கு முன்னால் ஆடுகளை இந்தக் குளத்தில்தான் குளிப்பாட்டுவார்களாம். என் பெரியவளுக்கு ராணியை விட ஆடு குளித்ததுதான் பிடித்தது. ஒரு மணி நேரம் குளத்தில் கல் எறிந்தாள். நீயும் அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள். பிள்ளைகளோடு நடப்பதில் நடை கொஞ்சம்தான், நிற்பதுதான் அதிகம்.

தெம்பு இருந்தால் அங்கிருந்து சிறிது தூரத்தில் கார்டேல் ஸ்கார். ஒரு வளைவு திரும்பியதும் இரண்டு பக்கமும் நூறு மீட்டருக்கு மேல் பாறை எழுந்து நிற்கும், நடுவில் அருவி. சின்னவள் கையைப் பிடித்துக்கொள்வாள், பார். ஜேம்ஸ் வார்ட் என்ற ஓவியர் 1812-லிருந்து 1814 வரை இதை வரைந்தார். லண்டனில் டேட் ஓவியக்கூடம் வைத்திருக்கும் அந்த ஓவியம் ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு இருக்கிறது. அருவியின் பாறையைப் பிடித்து மேலே ஏறுகிறவர்கள் உண்டு. நீ ஏறாதே. உன்னைத் தெரிந்துதான் சொல்கிறேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு கோவ். மேலே வேண்டாம், அடிவாரம் போதும். கிராமத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் நல்ல பாதை. 80 மீட்டர் உயரத்தில் வெள்ளைப் பாறை அரைவட்டமாக வளைந்து நிற்கிறது. பனி யுகத்தின் முடிவில் உருகிய தண்ணீர் பேரருவியாக இதன் மேல் விழுந்திருக்கிறது. இப்போது தண்ணீர் மேலே வழிவதில்லை, அடியிலிருந்து ஓடையாகக் கசிந்து வருகிறது. மேலே மாலம் டார்ன் என்ற ஏரி இருக்கிறது, அதன் தண்ணீர் கொஞ்ச தூரம் ஓடித் தரைக்குள் மறைந்துவிடும். அதுதான் இங்கே வெளிவருகிறது என்று யாரும் நினைப்பார்கள். சாயம் கலந்து பார்த்ததில் அது கிராமத்துக்குத் தெற்கே வேறோர் இடத்தில் எழுந்தது! கோவின் ஓடை வேறு ஓடை. பூமிக்குள் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றன. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் மழையில் மட்டும் சில மணி நேரம் பாறை உச்சியிலிருந்து அருவி கொட்டியது. அதற்கு முன்னால் அப்படி ஒன்றைப் பார்த்ததாக உயிரோடு இருக்கும் யாருக்கும் ஞாபகமில்லை. வசந்தத்தில் பெரெக்ரின் வல்லூறுகள் அந்தப் பாறையில் கூடு கட்டும். பைனாகுலர் எங்களிடம் இருக்கிறது, தருகிறேன்.

அப்புறம் மாடு. கன்றோடு நிற்கும் மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதே, சுற்றிப் போ, ஓடாதே. ஏப்ரலில் ஆட்டுக்குட்டிகள் இருக்கும். பிள்ளைகள் துரத்தக் கூடாது. கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டு வா. போன் சிக்னலை நம்பாதே. ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனத்தின் வரைபடங்களில் ஓஎல்2 என்ற தாளை வாங்கு, பச்சைப் புள்ளிக்கோடுகள் எல்லாம் நடக்கிற பாதைகள். வெள்ளை ஸ்னீக்கர்ஸில் வராதே. பிள்ளைகளுக்கு வெலிங்டன் என்ற ரப்பர் பூட்ஸ், உனக்குப் பிடிப்புள்ள ஷூ, எல்லோருக்கும் மாற்று சாக்ஸ். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் இப்போதே, மே மாதத்திலேயே வா.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு மாலம் கார் நிறுத்துமிடத்தில் இருப்போம். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் நான் கட்டிவிடுகிறேன், நீ தண்ணீர் மட்டும் கொண்டு வா. சின்னவளுக்குச் செருப்பு போட்டுக் கூட்டி வந்துவிடாதே. ஒன்று போனது போதும்.

அன்புடன்,
அக்கா