கல் வேலை செய்றவங்களோட கை நரம்பு பாதிப்ப தொழில் நோயா பதிவு பண்ணச் சொல்லி கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கிருஷ்ணகிரி

அனுப்புநர்: வேப்பனப்பள்ளி பக்கம் இருக்கற கல் தொழிலாளிங்க சார்பா ஒரு பாலிஷ் வேலைக்காரன்

ஐயா வணக்கம்,

நான் 19 வருஷமா கல்லு வேலை பாக்கறேன் ஐயா. மொதல்ல ஆந்திரா பார்டர் தாண்டி குப்பம் பக்கம் குவாரில ஜாக்ஹேமர் புடிச்சேன், கல்யாணம் ஆனதுக்கப்புறம் வீட்டுக்கு பக்கமா இருக்கட்டும்னு இங்க ஒரு பட்டறையில ஹேண்ட் கிரைண்டர்ல பாலிஷ் போட வந்துட்டேன். இந்த மனுவ நான் சொல்ல சொல்ல என் பொண்ணு போன்ல டைப் பண்ணுது, ஏன்னா பேனாவ புடிச்சு நாலு வரி எழுதறதுக்குள்ள வெரல் நழுவிடுது.

மொதல்ல ராத்திரிலதான் ஆரம்பிச்சுது. நல்லா தூங்கிட்டு இருப்பேன், ரெண்டு மணி வாக்குல கட்டை வெரல், ஆள்காட்டி வெரல், நடு வெரல் மூணும் எறும்பு ஊர்ற மாதிரி ஆயி அப்புறம் சுள்ளுனு எரியும், எழுந்து ஒக்காந்து கைய உதறு உதறுனு உதறினாதான் கொஞ்சம் அடங்கும். நம்ம பக்கம் மரத்துப் போச்சும்போம், குப்பம் பக்கம் திம்மிரின்னு சொல்லுவாங்க. எல்லாருக்கும் வர்றதுதானேன்னு விட்டுட்டேன் ஐயா, அதுதான் நான் பண்ண பெரிய தப்பு. நாலு வருஷம் நரம்பு ஊசி போட்டேன், எண்ணெய் தேச்சேன், சுளுக்கு எடுத்தேன், புத்தூர் போய் கட்டு கூட போட்டுட்டு வந்தேன், அந்த கட்டு எலும்பு முறிவுக்கு போடறது, நரம்பு நசுங்கினதுக்கு அது என்ன பண்ணும். மேஸ்திரி உனக்கு சுகர் இருக்கும்னார், டெஸ்ட் எடுத்தா சுகர் இல்ல.

கடைசில ஒரு டாக்டர்தான் மணிக்கட்டுல லேசா கரண்ட் விட்டு பாக்கற நரம்பு டெஸ்ட் எடுக்கச் சொல்லி விஷயத்த சொன்னார். மணிக்கட்டுல குறுகலா ஒரு சந்து இருக்காம், வெரல மடக்கற 9 தசைநாரும் ஒரே ஒரு நரம்பும் அதுக்குள்ளதான் போகணுமாம், நாள் பூரா மிஷின இறுக்கி புடிச்சு அதிர்வு வாங்கினா தசைநார் வீங்கி நரம்ப அமுக்கிடுதாம். கார்ப்பல் டன்னல்னு பேரு. ஆரம்பத்துலயே வந்திருந்தா ராத்திரில மணிக்கட்டு மடங்காம பட்டை கட்டி, ஒரு ஊசி போட்டு, வேலைய மாத்தி குடுத்தா சரி பண்ணியிருக்கலாம், அதுக்கும் கேக்கலன்னா மரப்பு ஊசி போட்டு சின்ன ஆபரேஷன், பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம்னார். என் கைய பாத்துட்டு நீ லேட்டுப்பான்னார். கட்டை வெரலுக்கு கீழ உள்ளங்கையில மேடா ஒரு சதை இருக்கும்ல ஐயா, எனக்கு அந்த எடம் பள்ளமா இருக்கு. ஆபரேஷன் பண்ணா ராத்திரி எரிச்சல் போகும், அந்த சதை முழுசா திரும்பி வராதுன்னுட்டார்.

சட்டை பட்டன் என் பொண்டாட்டிதான் போட்டு விடுது. டீ கிளாஸ ரெண்டு கையால புடிக்கறேன். பேங்க்ல பணம் எடுக்க போனா கையெழுத்து பழசு மாதிரி இல்லன்னு சீட்ட திருப்பி குடுத்துட்டாங்க, சரி ரேகை வைங்கன்னாங்க, கல்லு தேச்சு தேச்சு ரேகையே இல்ல, மிஷின் எடுக்கல. என் காச நான் எடுக்க மூணு நாள் நடந்தேன் ஐயா.

நான் மட்டும்னா இந்த மனு எழுத மாட்டேன். எங்க தெருவுல ராத்திரி திண்ணையில கைய உதறிட்டு ஒக்காந்திருக்கறவங்க நெறைய பேர். உளிய உள்ளங்கையில அழுத்தி புடிக்கறவங்களுக்கும் முழங்கைய கல்லு மேல ஊனிக்கறவங்களுக்கும் சுண்டு வெரல் பக்கம் செத்துப் போகுது, அது வேற நரம்பு. வேலிக்கல்லு கொத்தற ஒரு அண்ணன் காலைலருந்து சாயந்திரம் வரை குந்தியே ஒக்காந்து வேலை செய்வார், முழங்காலுக்கு பக்கவாட்டுல போற நரம்பு அமுங்கி பாதம் தொங்கிடுச்சு, செருப்பு கழண்டு விழுந்தா கூட அவருக்கு தெரியல, பின்னாடி வர்றவங்கதான் எடுத்து குடுக்கறாங்க.

இப்ப நான் கேக்க வந்த விஷயம். 2010ல சர்வதேச தொழிலாளர் அமைப்பு போட்ட தொழில் நோய் பட்டியல்ல இந்த கார்ப்பல் டன்னல் இருக்குன்னு என் பொண்ணு தேடி படிச்சு சொல்லுது, திரும்ப திரும்ப பலம் குடுத்து செய்ற வேலையாலயும் அதிர்வாலயும் வர்றதுன்னே போட்டிருக்காம். நம்ம நாட்டு 1948 தொழிற்சாலை சட்டத்துல 29 நோய் போட்டிருந்தாங்க, கல்லு தூசியால வர்ற சிலிகோசிஸ் இருந்துச்சு, சத்தத்தால காது போறது இருந்துச்சு, இது மட்டும் இல்ல, 2025 நவம்பர்ல அதுக்கு பதிலா நடைமுறைக்கு வந்த புது சட்டத்து பட்டியல்லயும் இது இல்ல. பட்டியல்ல இல்லாததால ஓ.பி. சீட்டுல வெறும் கை வலின்னு எழுதி மாத்திரை குடுத்து அனுப்பிடறாங்க, என்ன வேலை செய்றன்னு யாரும் எழுதறதில்ல, அந்த ஒரு வரி இல்லாததால மொதலாளிகிட்டயும் கேக்க முடியல, நல வாரியத்துலயும் கேக்க முடியல. சட்டத்த மாத்தறது உங்க கையில இல்லன்னு எங்களுக்கு தெரியும், ஆனா அரசாங்கத்துக்கு நீங்க பரிந்துரை எழுதலாம். அது வர்ற வரைக்கும் நம்ம மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கை மரத்துப் போகுதுன்னு யார் வந்தாலும் தொழில் என்ன, எத்தன வருஷம்னு சீட்டுல எழுதணும்னு ஒரு உத்தரவு போட்டா போதும் ஐயா.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்த 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி நம்ம மாவட்டத்து சாமனப்பள்ளிலதான் ஆரம்பிச்சாங்க. அதுல வீட்டுக்கு வர்ற பிசியோதெரபிஸ்ட் பக்கவாதம் வந்தவங்கள நல்லா பாக்கறாங்க, அவங்க அப்படியே பட்டறைக்கும் ஒரு நடை வந்து கைய பாத்தா ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சுடலாம், மணிக்கட்டு பட்டைய சுகாதார நிலையத்துலயே குடுத்துடலாம். ஒரே ஆளு நாள் முழுக்க கிரைண்டர் புடிக்காம மாத்தி மாத்தி புடிக்கவும், தேஞ்சு ஆடற டிஸ்க்க உடனே மாத்தவும், நடுவுல கைக்கு ஓய்வு விடவும் தொழிலாளர் துறை அதிகாரிங்க பட்டறைக்காரங்ககிட்ட சொல்லணும்.

இன்னொன்னு, எங்க ஆளுங்க பாதி பேர் வேலை பாக்கறது ஆந்திராவுல, குடியிருக்கறது இங்க. அங்க காப்பீடு அவங்க ரேஷன் கார்டுக்குதான் குடுப்பாங்க, இங்க வந்தா அங்க நடந்ததுக்கு நாங்க என்ன பண்றதுங்கறாங்க. சித்தூர் மாவட்ட ஆட்சியர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசணும்.

வேப்பனப்பள்ளில ஒரு முகாம் போட்டு, டெஸ்ட் தேவைப்படறவங்கள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணுங்க ஐயா. எங்க பட்டறையில 22 வயசு பையன் ஒருத்தன் போன வருஷம் சேந்தான், அவனும் இப்ப ராத்திரில எழுந்து கைய உதறறானாம், அவனுக்கு கையில சதை இன்னும் இருக்கு, மொதல்ல அந்த மாதிரி பசங்கள பாக்கச் சொல்லுங்க. முகாம ஞாயித்துக்கிழமை வைங்க, மத்த நாள்னா கூலி போயிடும்னு எங்காளுங்க வர மாட்டாங்க.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள கல் தொழிலாளி

(கையெழுத்துக்கு பதிலா எடது கை பெருவிரல் ரேகை வச்சிருக்கேன், மத்தவங்க கையெழுத்தும் ரேகையும் பின் தாள்ல இருக்கு)