மணியின் இடுப்பும் என் பாலிசியும்

செங்கோட்டை
ஜூலை 14

அன்புள்ள பரமசிவம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கொழிஞ்சாம்பாறையில் மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே சாரல் நின்றபாடில்லை. துவைத்த வேட்டி மூன்றாம் நாளும் ஈரம் மணக்கிறது. முழங்கால் வலி உனக்கு எப்படியோ எனக்கும் அப்படியே. ஆனால் வீட்டில் என்னைவிட மோசமாக நொண்டுகிறவன் ஒருவன் இருப்பதால் நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

பேரனுக்கு ஒரு லேப்ரடார் குட்டி வாங்கப்போவதாகவும், திருச்சூர்ப் பக்கம் ஒருவரிடம் சொல்லிவைத்திருப்பதாகவும் எழுதிவிட்டு, கடைசி வரியில், "நீ பால் சங்கத்தில் இன்சூரன்ஸ் பார்த்தவன்தானே, நாய்க்கு எதை எடுக்கலாம்?" என்று கேட்டிருக்கிறாய். இத்தனை தாமதமும் அந்த ஒரு வரியால் வந்ததுதான். இருபத்தாறு வருஷம் ஊர் மாடுகளுக்கெல்லாம் இன்சூரன்ஸ் படிவம் நிரப்பியவன், சொந்த நாய்க்கு எடுத்த பாலிசியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டான் என்று எழுத வெட்கமாக இருந்தது.

எங்கள் லேப்ரடார் மணியை வாங்கிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். ஆரியங்காவு தாண்டி, புனலூர்ப் பக்கத்தில் ஒரு வீடு. நாற்பத்தைந்து நாள் குட்டி, பன்னிரண்டாயிரம் ரூபாய். "நல்ல குட்டியாணு சாரே" என்று விற்றவர் சொன்னதிலும் பொய்யில்லை. மணியைப்போல நல்ல குணம் மனிதரில்கூடக் குறைவு. கே.சி.ஐ., அதாவது இந்திய கென்னல் கிளப்பின் வம்சச் சான்றிதழும் தந்தார். அதில் மணியின் பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் இங்கிலீஷ் பிரபுக்களைப்போல வரிசையாக இருந்தது. படித்துப் பூரித்துப்போனேன். அந்தப் பாட்டன்களின் இடுப்பு எப்படி இருந்தது என்று அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை என்பது மூன்று வருஷம் கழித்துத்தான் உறைத்தது. சான்றிதழ் குலத்தைச் சொல்லும், எலும்பைச் சொல்லாது.

லேப்ரடார் இனத்துக்கு இடுப்பு மூட்டில் ஒரு பரம்பரைக் குறை உண்டு. தொடை எலும்பின் தலை உருண்டையாக இருக்கும். அது கச்சிதமாக உட்கார இடுப்பெலும்பில் ஆழமான கிண்ணம் வேண்டும். இந்த நாய்கள் சிலவற்றுக்குக் கிண்ணம் இருக்கவேண்டிய இடத்தில் தட்டுதான் இருக்கிறது. உருண்டை அசைந்து அசைந்து தேய்கிறது, பிறகு வாதம் வந்துவிடுகிறது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இதே தொல்லை. ஒரே ஒரு மரபணுவால் வருவதில்லை, பலவும் சேர்ந்து வருகிறது. அதனால் தாய் தகப்பன் நன்றாக நடந்தாலும் குட்டிக்கு வரலாம். குட்டிக்காலத்தில் அளவுக்கு மீறித் தீனி போட்டு வேகமாக வளர்த்தால் குறை இன்னும் முற்றும்.

நான் அதைத்தானே செய்தேன்! ஒரு வயதாகுமுன்பே மணி ஓடும்போது இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து முயல்போலத் தாவுவான். பேத்திகள் கைதட்டிச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். அதுதான் நோயின் முதல் அடையாளம் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். வீட்டில் அப்போது புதிதாக டைல்ஸ் வேறு போட்டிருந்தோம். வழுக்கும் தரையில் அவன் காலை அகட்டி அகட்டி நிற்பதைப் பார்த்து, "ராஜா மாதிரி நிற்கிறான்" என்பாள் என் வீட்டுக்காரி.

மூன்று வயதில் ஒரு மார்கழிக் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் முதுகுவலிக்குச் சாப்பிடும் மாத்திரையைக் கொடுத்து, பாதி போடுங்கள் என்றார். போட்டேன். மறுநாள் கருப்பாக வாந்தி. மனிதருக்குக் கொடுக்கும் ஐபுப்ரோபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிவிடும், சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மூன்று நாள் டிரிப், ஆறாயிரத்து நானூறு ரூபாய். இடுப்புக்கு இன்னும் ஒரு பைசா செலவழிக்கவில்லை, இது என் புத்திக்கு மட்டும் ஆன செலவு. உன் வீட்டு மருந்துப் பெட்டியை நாய் எட்டாத இடத்தில் வை. அதைவிட முக்கியம், அக்கம்பக்கத்து யோசனை எட்டாத இடத்தில் வை.

அப்புறம் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். அறுபது கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் நாற்பத்தொரு கிலோ நாயை ஏற்ற முடியாது. வாடகைக் காருக்குப் போய்வர இரண்டாயிரத்து எண்ணூறு, அதிலும் டிரைவர் சீட்டுக்கு விரிக்கப் போர்வை கொண்டுவரச் சொல்லிவிட்டார். கவனித்துப் பார், பரமசிவம்: அங்கே எனக்கு வைத்தியத்தைவிட வழிச்செலவுதான் அதிகம். மயக்க ஊசி போட்டு, மல்லாத்திப் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைப் பார்த்த இளம் டாக்டர், பெண் பிள்ளை, என் பேத்தி வயதுதான் இருக்கும், அறுவை பற்றி எல்லாம் விளக்கினாள். தொடை எலும்பின் தலையையே வெட்டி எடுத்துவிடும் முறை ஒன்று; செயற்கை மூட்டு வைப்பது இன்னொன்று, அது பெருநகரத்துச் செலவு. கடைசியில் நிமிர்ந்து, "தாத்தா, முதலில் பத்து கிலோ குறையட்டும், பிறகு பேசலாம்" என்றாள். மணி பக்கம் பார்த்துச் சொன்னாளா, என் தொப்பையைப் பார்த்துச் சொன்னாளா என்று இன்றுவரை சந்தேகம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

மணிக்கு ஒரு வயதிலேயே பாலிசி எடுத்திருந்தேன். இருபதாயிரத்துக்கு, ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய். மாட்டுக்கு அடையாளத்துக்காகக் காதில் மாட்டும் எண் வில்லை மாதிரி நாய்க்குக் கழுத்துத் தோலடியில் மைக்ரோசிப் வைத்தார்கள். அரிசிமணி அளவுதான், பதினைந்து இலக்க எண் இருக்கும். நாய் தொலைந்தால் எங்கே இருக்கிறது என்று போனில் தெரியும் என்று வீட்டுக்காரி நம்பிக்கொண்டிருந்தாள். அது ஒன்றும் தெரியாது. கருவியைப் பக்கத்தில் பிடித்தால் எண்ணை மட்டும் சொல்லும். எக்ஸ்ரே, டிரிப், வாடகைக் கார் ரசீது எல்லாவற்றையும் துளைபோட்டு நூலில் கோத்து, சங்கத்தில் கோப்பு கட்டுகிற அதே சுத்தத்தோடு அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாய் உயிரோடு இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அப்படியானால் இதில் ஒன்றும் வராது சார்."

அவர் மேல் தப்பில்லை. வீட்டுக்கு வந்து பாலிசியைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். விபத்திலோ நோயிலோ செத்தால் பணம். உயிரோடு நொண்டினால் இல்லை. பிறவிக் குறையும் பரம்பரைக் குறையும் எப்படியும் விலக்கு. மாட்டு இன்சூரன்ஸை அப்படியே எடுத்து, மாடு என்ற இடத்தில் நாய் என்று போட்ட மாதிரி இருந்தது. மாட்டுக்காவது கறவை நிரந்தரமாக நின்றுபோனால் பணம் தரும் பிரிவை, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். மாடு சொத்து. செத்தால் நஷ்டம், ஈடு கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. மணியை நான் எந்தக் கணக்கில் எழுதுவது? அவன் செத்தால் இருபதாயிரம், பிழைத்தால் என் செலவு என்ற ஒப்பந்தத்தை வருஷா வருஷம் காசு கொடுத்துப் புதுப்பித்திருக்கிறேன்.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. 94 வாக்கில் புளியரையிலிருந்து ஒரு அம்மா வந்தாள். மாடு மடை வரப்பில் விழுந்து செத்துவிட்டது. காதில் வில்லை இல்லை, எங்கேயோ வேலியில் மாட்டி அறுந்திருக்கிறது. வில்லை இல்லையென்றால் பணம் இல்லை, விதி அதுதான். நான் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அறுந்த காதைக் காட்ட அவள் கையோடு எடுத்து வந்திருந்தாள், வாழை இலையில் சுற்றி. நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கவுண்டரில் ரசீதுக் கட்டைத் திரும்ப வாங்கும்போது அந்த இலைதான் நினைவுக்கு வந்தது. விதி இப்போதும் அதேதான், நானும் அன்று விதிப்படிதான் செய்தேன். ஆனால் பிரித்தாவது பார்த்திருக்கலாம்.

சரி, அது கிடக்கட்டும். 2020 முதல் வரத் தொடங்கிய சில தனியார் பாலிசிகளில் சிகிச்சை, அறுவை, நாய் யாரையாவது கடித்தால் வரும் இழப்பீடுகூடச் சேர்கிறது. ஸ்வீடன் நாட்டில் 1924இலேயே ஒரு நாய்க்குப் பாலிசி எழுதினார்களாம். அப்போது நம் செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவின் கீழ் இருந்தது. நூறு வருஷம் பிந்தியாவது நமக்கும் வருகிறதே. நீ எடுப்பதானால் எடு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிரீமியம் எவ்வளவு என்று முதலில் கேட்காதே. இடுப்பு மூட்டுக் குறை விலக்கா என்று கேள். விலக்கு என்றால், லேப்ரடாருக்கு எது வருமோ அது போக மற்றதற்கெல்லாம் காப்பு என்று அர்த்தம். எடுத்த முதல் சில வாரங்களில் வரும் நோய்க்குப் பணம் உண்டா, எத்தனை வயதோடு நிறுத்துவார்கள், தடுப்பூசி அட்டை ஒரு வருஷம் விட்டுப்போனால் என்ன ஆகும், இதெல்லாம் எழுத்தில் வாங்கு. நாய்க்கு வயதாகும்போதுதான் செலவு, அவர்கள் கைவிடுவதும் அப்போதுதான்.

நான் இப்போது அஞ்சலகத்தில் மணி பேரைச் சொல்லி ஒரு தொடர் வைப்பு போட்டிருக்கிறேன், மாதம் ஆயிரம், ஐந்து வருஷம். பேர் என் பேர்தான், போஸ்ட்மாஸ்டர் நாய்க்கு நாமினி உரிமைகூடத் தரமாட்டேன் என்றுவிட்டார்.

எடையைப் பற்றிச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை வைத்து ஆராய்ந்து 2002இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகத் தீனி. குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவாதமும் தாமதமாகவே வந்தது. இருபதாயிரம் ரூபாய் பாலிசி எதுவும் இதைத் தராது. ஆனால் லேப்ரடாரிடம் பசியைப் பற்றிப் பேசுவது சுலபமில்லை. அந்த இனத்தில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் மரபணு பழுதாம். கேம்பிரிட்ஜில் 2016இல் கண்டுபிடித்தார்கள். மணியை யாரும் சோதிக்கவில்லை. சோதிக்கவும் வேண்டாம், சக்கைப்பழம் உரிக்கும் வாசத்துக்கு மூன்று அறை தாண்டி வந்து நிற்பவனுக்கு எதற்குச் சோதனை. சின்ன வெங்காயம் போட்ட சாம்பார்ச் சோற்றை முதலில் நிறுத்தினோம். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைத்துவிடும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்புறம் பேத்திகளின் இட்லி, அப்புறம் என் இரவு முறுக்கு. ஒன்பது மாதத்தில் முப்பத்துமூன்று கிலோவுக்கு வந்துவிட்டான். டைல்ஸ் மேல் தேங்காய் நார்ப் பாய் விரித்திருக்கிறோம். அறுவைப் பேச்சு இப்போதைக்கு இல்லை.

தினமும் மாலையில் குளத்தில் நீந்தவிடுகிறேன். நீரில் உடம்பின் பாரம் இடுப்பில் விழாது, தசை மட்டும் வலுவாகும். தண்ணீரில் அவனைப் பார்த்தால் நொண்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள். இந்த இனத்தின் பேர்தான் லேப்ரடார்; பூர்வீகம் நியூபவுண்ட்லாந்து, மீனவர்களோடு குளிர்கடலில் வலை இழுத்த நாய். பாலக்காட்டுக் கணவாய்ப் பங்குனி வெயிலை யோசித்துக்கொள். காலை ஏழு மணிக்குமேல் தெருவில் இறக்காதே, நிழலும் தண்ணீரும் எப்போதும் வேண்டும். உண்ணிக்காய்ச்சல் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதில் மணிக்கு ஒருமுறை மூக்கில் ரத்தமே வந்துவிட்டது. இருபத்தெட்டு நாள் மாத்திரைக்குப் பிறகுதான் தேறினான்.

திருச்சூர்க்காரரிடம் குட்டியைப் பார்க்குமுன் தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே கேள். இரண்டு வயது முடிந்தபின் எடுத்ததாக இருக்கவேண்டும். இல்லை என்றால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் மடியில் வாங்கிக்கொள்ளாதே. மடியில் ஏறிவிட்டால் நீ திரும்பிவரமாட்டாய், எனக்குத் தெரியும். படம் இருந்தால், பக்கத்திலேயே மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி இருக்கிறது, அங்கே காட்டிவிடு. நம் ஊர் நாய்க்குட்டி ஒன்று எடுத்தால் என்ன என்றும் பேரனிடம் ஒருமுறை கேட்டுப் பார். கேட்கமாட்டான்தான். என் பேத்திகளும் கேட்கவில்லை.

ஓணத்துக்கு முன் இந்தப் பக்கம் வருவதாகச் சொன்னாயே, வா. நேந்திரங்காய்ச் சிப்ஸ் மட்டும் கொண்டுவராதே. போன தடவை நீ கொண்டுவந்த அரைக் கிலோவில் எனக்குக் கிடைத்தது பொட்டலத் தாள்தான்.

அன்புடன்,
கோமதிநாயகம்